பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள்!

"ரெண்டு நாள்ல பழகிடும் சார்."

மூன்று பல் பிரிட்ஜை என் வாயில் ஒட்டி முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடியே டாக்டர் சொன்னது இது. சனிக்கிழமை இரவு எட்டரை மணி. கீழ்த்தாடையின் இடது பக்கம் முழுக்க ஊசி மருந்தில் மரத்துப்போயிருந்தது. நீலக் காகிதத் துண்டு ஒன்றைப் பற்களுக்கு நடுவில் வைத்து, "கடிங்க... நல்லாக் கடிங்க... ஓகேவா?" என்று கேட்டார். உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலையில் எதை வைத்துப் பதில் சொல்வது? வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். "ஓகே டாக்டர்" என்றேன்.

அந்த ஓகேவுக்கு நான் கொடுத்த விலை ஆறு வாரம்.

மறுநாள் காலை இட்லியில் ஒன்றும் தெரியவில்லை. இட்லி யாரையும் காட்டிக்கொடுக்காது. மதியம் அப்பளம். இடது பக்கம் வைத்து நொறுக்கியதும், கடைவாய்ப் பல்லின் அடியில் யாரோ ஆணி அடித்ததுபோல் 'நங்'கென்று ஒரு வலி. சாயங்காலம் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு மடக்கு. அது வேறு மாதிரி வலி. சுள்ளென்று கிளம்பிக் காது வரைக்கும் போனது. ரெண்டு நாள் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, பழகவில்லை. போன் செய்தால் "கொஞ்சம் டைம் கொடுங்க சார்" என்றார்கள். பக்கத்து வீட்டு மாமி உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். மெடிக்கல் ஷாப் தம்பி, "பல் வலியா அண்ணே?" என்று கேட்ட கையோடு மூன்று அட்டைகளிலிருந்து மாத்திரைகளைக் கத்திரிக்கோலால் வெட்டிக் கவரில் போட்டார். வீட்டிலோ, "புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான், போகப் போகச் சரியாகிடும்" என்றார்கள். செருப்பு என்றால் கழற்றி வாசலில் விடலாம்.

கடைசியில்தான் தெரிந்தது, எனக்கு இருந்தது ஒரு வலி அல்ல, இரண்டு. காரணமும் வேறு, வைத்தியமும் வேறு. ஒன்று நாலு நிமிட வேலையில் தீர்ந்தது. மற்றது எத்தனை மாதம் பொறுத்தாலும் தீர்ந்திருக்காது. 'பழகிடும்' என்ற ஒரே துணியைப் போட்டு இரண்டையும் மூடி வைத்திருந்தோம்.

வேர் இல்லாத பல் வலிக்காது

வீடு கட்டுவது, கிணறு கட்டுவது போலப் 'பல் கட்டுவது' என்றுதான் நம் ஊரில் சொல்கிறோம். பொருத்தமான சொல். பிரிட்ஜ் என்பது கட்டடம்தான். பல் விழுந்த இடத்தின் இரண்டு பக்கமும் உள்ள பற்களைத் தூண்களாக்கி, அவற்றின் மேல் இரண்டு தொப்பிகளை மாட்டி, நடுவில் ஒரு பொய்ப் பல்லைத் தொங்கவிடுகிறார்கள். மூன்றும் ஒரே வார்ப்பு. நடுப்பல்லுக்கு வேர் கிடையாது, நரம்பு கிடையாது. அது வலிக்கவே முடியாது. ஆகவே பிரிட்ஜ் போட்டபின் வலி என்றால், அது தூண்களிலிருந்தோ, சுற்றியிருக்கும் ஈறிலிருந்தோ, எதிர்த்தாடைப் பல்லிலிருந்தோதான் வருகிறது. "நடுவுல போட்டாங்களே, அந்தப் பல்லுதான் டாக்டர் வலிக்குது" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்தார். விளக்கியிருக்கலாம்.

தூணாக நிற்கும் பற்கள் சும்மா நிற்பதில்லை. உலோகமும் பீங்கானும் சேர்ந்த தொப்பி உட்கார வேண்டுமென்றால், பல்லைச் சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் வரையும் கடிக்கும் பரப்பில் இரண்டு மில்லிமீட்டர் வரையும் ராவியாக வேண்டும். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால், ஈறுக்கு வெளியே தெரியும் பல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதோடு போய்விடுகிறது. சொத்தையே இல்லாத நல்ல பல்லாக இருந்தாலும் இதே கதிதான்.

பாலம் போடும் ஆசை புதிதல்ல. லெபனானின் சிடோன் நகரத்துப் பழைய கல்லறை ஒன்றில் 1862-ல் ஒரு தாடை கிடைத்தது. முன்பற்களைத் தங்கக் கம்பியால் கட்டி, இல்லாத இடத்தில் வேறு யாருடைய பற்களையோ வைத்துப் பின்னியிருந்தார்கள். இன்று அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்து வேலை. அந்தத் தட்டான் பக்கத்துப் பல்லை ராவவில்லை, கட்டினான், அவ்வளவுதான். ராவுவது நம் காலத்து ஏற்பாடு. பல் உறுதியாக நிற்கிறது, அழகாக இருக்கிறது. கூச்சமும் வலியும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

எத்தனை தூண், எவ்வளவு பாரம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆன்டே என்ற பல் மருத்துவர் 1926-ல் சொன்ன விதி: தூண் பற்களின் வேர்ப் பரப்பு, இல்லாத பற்களுக்கு இருந்திருக்கக்கூடிய வேர்ப் பரப்பைவிடக் குறையக் கூடாது. இன்று அதை எழுத்துக்கு எழுத்து யாரும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. என்றாலும், ஈறு இறங்கி ஆடிக்கொண்டிருக்கும் பல்லின் மேல் நாலைந்து பல் பாரத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு எந்த விதியும் வேண்டாம், கொத்தனாரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

கடித்தால் வலி: ஒரு மயிரிழைச் சமாசாரம்

சாப்பாட்டில் ஒரு தலைமுடி கிடந்தால் பற்களுக்கு நடுவில் சிக்கியதுமே தெரிந்துவிடுகிறது அல்லவா? அதைக் கண்டுபிடிப்பது நாக்கு மட்டுமல்ல, பல்லும்தான். பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகியிருப்பதில்லை. மெல்லிய நார்த்திசு அதைச் சுற்றித் தொட்டில் கட்டித் தாங்குகிறது. கனம், மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த நாரில் இருக்கும் நரம்புகள்தான் கடியின் அளவை மூளைக்குச் சொல்கின்றன.

பிரிட்ஜ் அந்த மயிரிழை அளவுக்கு உயரமாக உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒட்டும் சிமெண்ட் கொஞ்சம் தடித்துப்போனாலே போதும். வாயை மூடும்போதெல்லாம் மற்ற இருபத்தைந்து பற்கள் சேர்வதற்கு முன்னால் இந்த ஒன்று இடிக்கும். எச்சில் விழுங்கும்போது இடிக்கும். தூக்கத்தில் பல்லைக் கடித்தால் இடிக்கும். ஒரு வாரத்தில் நார் வீங்கிவிடும். வீங்கியதும் பல் இன்னும் சற்று மேலே எழும்பும், இன்னும் பலமாக இடிக்கும். 'இந்தப் பல் மட்டும் நீளமா இருக்கிற மாதிரி இருக்கு' என்று நோயாளிகள் சொல்வது வெறும் பிரமையல்ல.

இதற்கு மாத்திரை கிடையாது. நீலக் காகிதம்தான் மருந்து. கடிக்கச் சொல்லி, பீங்கானில் அழுத்தமாக மை பதிந்த புள்ளியைத் துளி ராவினால் முடிந்தது. என் விஷயத்தில் நாலு நிமிடம். அதற்குப் பிறகும் நார் ஆறச் சில நாட்கள் எடுத்துக்கொண்டது, ஆனால் அப்பளம் திரும்பி வந்தது.

ஒரே ஒரு நிபந்தனை: வாய் மரத்திருக்கும்போது இந்தச் சோதனையை நம்ப முடியாது. மரத்த வாயோடு நாம் கடிக்கிற கடியே கோணலாக இருக்கும். ஊசி போட்டு ஒட்டிய நாளில் எல்லாம் சரி என்று வந்தாலும், மறுநாளோ இரண்டு நாள் கழித்தோ உணர்வுள்ள வாயோடு ஒருமுறை போய்க் கடித்துக் காட்டுவது அவசியம். அதற்கு அவர்களே நாள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு வகைக் கடி வலியும் உண்டு. கடிக்கும்போது சும்மா இருந்துவிட்டு, கடியை விடும்போது சுருக்கென்று தைக்கும். தூண் பல்லில் விரிசல் இருந்தால் அப்படி நடப்பதுண்டு. டாக்டரிடம் "கடிச்சா வலிக்குது" என்று மட்டும் சொன்னால் இந்த வித்தியாசம் அவருக்கு எட்டாது.

குளிர்ந்தால் வலி: வினாடியை எண்ணுங்கள்

பல்லின் மேலோடான எனாமலுக்கு உணர்ச்சி இல்லை. அதன் கீழே இருக்கும் டென்டினில், ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் நுண்குழாய்கள். அவற்றுக்குள் நீர். குளிர்ச்சி பட்டால் நீர் அசைகிறது, அந்த அசைவு உள்ளேயுள்ள நரம்பைச் சீண்டுகிறது. 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் விளக்கிக் காட்டிய சங்கதி இது. எனாமலை ராவி எடுத்ததும் அந்தக் குழாய்களின் வாய் எல்லாம் திறந்துவிடுகிறது. ராவும்போது எழும் சூடும், அளவு எடுத்துவிட்டு நிரந்தரத் தொப்பி வரும்வரை சரியாக மூடாமல் விட்ட இடைவெளியும், ஒட்டும் சிமெண்டின் புளிப்பும் சேர்ந்துகொண்டால் கூச்சம் கூடும்.

கூச்சம் மட்டும் என்றால் பயமில்லை. ஐஸ் வாட்டர் பட்டதும் சுள், வாயிலிருந்து இறங்கியதும் சில வினாடிகளில் அடங்கிவிடும். நாளுக்கு நாள் குறையும். பெரும்பாலும் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள். கூச்சத்துக்கான பற்பசையே போதும்.

குளிர்ச்சி போய் அரை நிமிடமாகியும் வலி நிற்கிறதா, சூடு பட்டாலும் வருகிறதா, ஒன்றும் சாப்பிடாமல் தானாகக் கிளம்புகிறதா, ராத்திரி படுத்ததும் விண் விண்ணென்று தெறிக்கிறதா? அப்படியானால் அது கூச்சமல்ல. உள்ளே நரம்பு இருக்கும் பல்கூழ் வீங்கி, மீள முடியாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. படுத்தால் தலைக்கு ரத்த அழுத்தம் கூடும்; பல்லுக்குள் வீக்கம் விரிவதற்கு இடமில்லை; அதனால்தான் இந்த வலி ராத்திரியில் கொல்கிறது. என் நண்பர் ஒருவர் பிரிட்ஜ் போட்ட மூன்றாவது மாதம், ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு ஆபீஸுக்கு வர ஆரம்பித்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டால்தான் அவருக்கு வலி அடங்கும். வெயில் காலம், யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. குளிர்ச்சியால் அடங்கும் பல் வலி, பல்கூழ் கடைசிக் கட்டத்தில் இருப்பதன் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

என் இரண்டாவது வலி இந்த ஜாதி. வேறொரு கிளினிக்கில், நடுத்தர வயது டாக்டரம்மா ஒருவர், முதலில் எக்ஸ்ரே எடுக்கவில்லை. "எப்ப வருது, எவ்வளவு நேரம் நிக்குது, எதனால நிக்குது, வரிசையா சொல்லுங்க" என்றார். அப்புறம் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். பஞ்சில் குளிர் மருந்தடித்து, ஈறோரம் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். முன் தூண் உடனே அடங்கியது. பின் தூண் அடங்கவே இல்லை. "பிரிட்ஜைக் கழட்ட வேணாம் சார். மேலயே ஒரு ஜன்னல் போட்டு வேர் சிகிச்சை பண்ணிடலாம்" என்றார். தொப்பியின் நடுவில் ஓட்டை போட்டு, உள்ளே சுத்தம் செய்து, மறுபடி அடைத்துவிடும் வேலை. பீங்கான் பெயரலாம், சிமெண்ட் இளகலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். எல்லோருக்கும் இந்த வழி சரிப்படாது. ஓரங்களில் சொத்தை இருந்தால் பிரிட்ஜைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பிரிட்ஜுக்கு அடியில் பல்கூழ் கெடுவது அபூர்வமா? ஹாங்காங் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. வேர் சிகிச்சை செய்யாத உயிருள்ள பற்களைத் தூணாக்கிப் பிரிட்ஜ் போட்டவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று தூண் பற்களில் பல்கூழ் செத்துவிட்டிருந்தது. தனித் தொப்பி போட்ட பற்களில் அதில் பாதிதான். அதற்காகப் பிரிட்ஜே ஆகாது என்று ஓட வேண்டாம். வேறு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குப்படி, பத்தாண்டு கழித்தும் நூற்றுக்கு எண்பத்தொன்பது பிரிட்ஜ்கள் வாயில்தான் இருக்கின்றன. நல்ல வைத்தியம்தான். ஆனால் போட்டவுடன் மறந்துவிடக்கூடிய வைத்தியம் அல்ல.

"அப்படின்னா முதல்லயே ரெண்டு பல்லுக்கும் வேர் சிகிச்சை பண்ணிட்டா வம்பில்லையே?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியே செய்துவிடும் கிளினிக்குகளும் இருக்கின்றன. பல் ரொம்பச் சாய்ந்திருந்து ஆழமாக ராவ வேண்டிய இடத்தில் அது நியாயம். நல்ல பல்லை, வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே கொல்வது என் கணக்கில் நியாயமில்லை. காரணம், என் அக்காவின் வாய்.

வலிக்காததுதான் வில்லங்கம்

அக்கா இருப்பது கும்பகோணத்தில். ஒன்பது வருடப் பிரிட்ஜ், இரண்டு தூணுக்கும் வேர் சிகிச்சை ஆனது. ஒருநாளும் வலித்ததில்லை. "உன் டாக்டரு சரியில்லடா, என்னதைப் பாரு" என்று பெருமை பேசுவாள். பேரப்பிள்ளை முத்தம் கொடுக்க வந்து, "பாட்டி வாய் நாறுது" என்று முகத்தைத் திருப்பியதில்தான் விஷயம் வெளியே வந்தது. காலையில் வாயில் உப்புக் கரிக்கிறது என்று அவளே பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள்தான் வயிற்றுக் கோளாறு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம்.

டாக்டர் பிரிட்ஜை விரலால் மேலும் கீழும் அழுத்திக் காட்டினார். முன் தூணின் ஓரத்தில் எச்சில் குமிழ் குமிழாக வந்தது. சிமெண்ட் எப்போதோ கரைந்துபோயிருக்கிறது. பின் தூண் இறுகப் பிடித்திருந்ததால் பிரிட்ஜ் விழவில்லை. அந்த இடுக்கில் எச்சிலும் சோறும் போய்த் தங்கி, உள்ளே பல் மக்கிக்கொண்டிருந்திருக்கிறது. உலோகத் தொப்பியை ஊடுருவி எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது. வேர் நுனியும் ஓரங்களும்தான் தெரியும். கழற்றியபோது உள்ளே இருந்தது பல் அல்ல, ஈரமான மரத்தூள் மாதிரி ஒரு பழுப்புக் குவியல். அதையும் பிடுங்க வேண்டியதாயிற்று. ஒரு பல் இல்லாமல் போனவள், இரண்டு பல் இல்லாமல் திரும்பி வந்தாள்.

நரம்பிருந்திருந்தால் அந்தப் பல் எட்டு வருடம் முன்பே ஊரைக் கூட்டியிருக்கும்.

சிமெண்ட் விட்டு ஆடும் பிரிட்ஜை வீட்டில் உடனடிப் பசை வைத்து ஒட்டிக்கொள்ளும் மேதைகள் உண்டு. எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் கடையில் அஞ்சு ரூபாய்க்கு விற்கும் குழாய்ப் பசையை வைத்து ஒட்டினார். கோணலாக ஒட்டியது, ஈறு புண்ணானது, டாக்டர் அறுத்துத்தான் எடுத்தார். அறுத்த பிரிட்ஜ் மறுபடி உதவாது. கழன்று கையில் வந்துவிட்டால் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பல பிரிட்ஜ்களைச் சுத்தம் செய்து அப்படியே ஒட்டிவிட முடியும்.

பொய்ப் பல்லுக்கு அடியில் சுத்தம் செய்ய வேண்டும் என்பதையே யாரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்று பல்லும் ஒரே வார்ப்பு என்பதால் சாதாரணப் பல்நூலை மேலிருந்து நுழைக்க முடியாது. ஒரு முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சுபோலவும் இருக்கும் நூல் விற்கிறது. 'சூப்பர் ஃபிளாஸ்' என்று கேட்டால் பெரிய மெடிக்கல் ஷாப்பில் கொடுப்பார்கள். ஊசியில் நூல் கோப்பதுபோல் பக்கவாட்டில் விட்டு, பொய்ப் பல்லின் அடியில் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். பற்களின் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் சின்னப் பிரஷும் உண்டு. டாக்டரம்மா கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையே செய்யச் சொன்னார். முதல்முறை இழுத்து வெளியே எடுத்த நூலை முகர்ந்து பார்த்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாள் லேசாக ரத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை ஒருநாளும் தவறவிடக் கூடாது. அவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், கெட்டது லேசில் ஆறாது.

மாத்திரைக் கவரில் என்ன இருக்கிறது?

எனக்குக் கிடைத்த கவரை டாக்டரம்மாவிடம் காட்டினேன். ஒன்று வலி மாத்திரை, ஒன்று வயிற்றெரிச்சலுக்கு, ஒன்று ஆன்டிபயாடிக். "இந்த மூணாவதால உங்க பல்லுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார். பல்கூழ் வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் வலியைக் குறைப்பதில்லை. பெரும்பாலான பல் வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்கான சிகிச்சையைச் செய்யுங்கள் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கிருமி பரவிக் காய்ச்சல், வீக்கம் வந்தால் அது வேறு விஷயம்.

வலி மாத்திரைகளிலும் ஜாக்கிரதை வேண்டும். இபுப்ரோஃபென் வகையறா பல் வலியை நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பது பாட்டி காலத்துப் பழக்கம். ஈறு வெந்து வெள்ளையாகிவிடும். கிராம்புத் தைலமும் அளவு மீறினால் அதையேதான் செய்யும்.

எதற்குமே காத்திருக்கக் கூடாத சமயங்கள் சில. தாடைக்குக் கீழோ கழுத்திலோ வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கக் கஷ்டம், மூச்சுத் திணறல், கூடவே காய்ச்சல் என்றால் பல் கிளினிக்கூட அல்ல, நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். கீழ்க் கடைவாய்ப் பல் சீழ் நாக்குக்கு அடியில் பரவி மூச்சை அடைக்கும் இந்த ஆபத்தை 1836-லேயே லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்திருக்கிறார். இன்றும் உயிர் எடுக்கிறது. இன்னொன்று: மாடிப்படி ஏறும்போது மட்டும் கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றால் அது பல்லே அல்ல, இதயமாக இருக்கலாம். குனிந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்து கனத்தால் சைனஸ். பிரிட்ஜ் போட்ட பக்கம் என்பதாலேயே எல்லாப் பழியையும் பிரிட்ஜின் மேல் போட்டுவிட முடியாது.

உண்மையிலேயே பழகுவது எது என்றும் சொல்லிவிடுகிறேன், 'பழகிடும்' முழுப் பொய்யல்ல. ஏதோ அந்நியப் பொருள் வாயில் இருப்பதுபோன்ற உணர்வு, எச்சில் அதிகம் ஊறுவது, நாக்கு அங்கேயே போய் நிற்பது, முன்பல் பிரிட்ஜ் என்றால் 'ஸ', 'ஷ' சொல்லும்போது காற்று விசிலடிப்பது, ஊசி போட்ட இடத்தின் நோவு. இதெல்லாம் ஒன்றிரண்டு வாரத்தில் பழகும்.

வாரண்டி யாருக்கு?

ஜிர்கோனியா பிரிட்ஜ் வாங்கினால் கூடவே ஒரு அட்டை கொடுக்கிறார்கள். ஏ.டி.எம். கார்டு மாதிரி பளபளவென்று, பத்து வருடம், பதினைந்து வருடம் என்று போட்டிருக்கும். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம். நன்றாகப் படித்துப் பாருங்கள்: அந்த வாரண்டி லேப் செய்து அனுப்பிய பொருளுக்கு. உடைந்தால் வேறு செய்து கொடுப்பார்கள். கீழே இருக்கும் பல்லுக்கு யாரும் வாரண்டி எழுதிக் கொடுக்கவில்லை.

வலி வந்தால் போட்ட டாக்டரிடமே திரும்பிப் போக நமக்குக் கூச்சம். 'கோவிச்சுக்குவாரோ' என்று பேசாமல் இருந்துவிடுவோம், இல்லையென்றால் வேறு கிளினிக்குக்குப் போய் மறுபடி பணம் கட்டுவோம். நானும் இரண்டாவதைத்தான் செய்தேன், அது தப்பு. கடி சரிபார்ப்பது பிரிட்ஜ் வேலையோடு சேர்ந்தது. இரண்டு முறை போயும் "டைம் கொடுங்க" என்பதே பதிலாக இருந்தால், அப்போது எக்ஸ்ரேயையும் பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. அந்த அளவுக்குப் போகத் தேவையில்லாதபடி, கேட்க வேண்டியதைப் போடும் முன்பே கேட்பது மேல்: தூண் பற்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் சில நாள் தற்காலிகச் சிமெண்டில் வைத்துப் பார்க்க முடியுமா, பக்கத்துப் பல்லைத் தொடாத இம்ப்ளான்ட் எனக்குச் சரிவருமா?

செலவுதான் தடை என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. காத்திருக்க வேண்டும், பல தடவை நடக்க வேண்டும், ஆனால் மாணவர் செய்வதைப் பேராசிரியர் வந்து பார்ப்பார். 'ஒரே நாளில் நிலைப்பல்' என்று போர்டு வைத்து, அக்ரிலிக் குழம்பைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பூசிவிடும் கடைகளுக்குப் போவதைவிட அந்த வரிசை ஆயிரம் மடங்கு மேல். அப்படிப் பூசியதற்கு அடியில் ஈறு அழுகி வருகிறவர்களைப் பற்றிப் பல் டாக்டர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் வேர் சிகிச்சை முடிந்து, ஜன்னலை அடைத்த நாளுக்கு வருகிறேன். அன்று வாய் மரக்கவில்லை. டாக்டரம்மா நீலக் காகிதத்தை வைத்து, "கடிங்க சார். ஓகேவா?" என்றார். பழக்கதோஷத்தில் தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டு, பல்லை மெதுவாக மூடித் திறந்து பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர், பின்னாடி ஒரு சின்ன இடி இருக்கு" என்றேன். ராவினார். மறுபடி கடித்தேன். இன்னும் இருந்தது. ராவினார். மூன்றாம் முறை இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாகச் சேர்ந்தன.

வெளியே அன்றைக்குப் பதினோரு பேர் காத்திருந்தார்கள். காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.